கணக்கு நோட்டும் கஷாயமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழுப் பிரதிநிதி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் தலைவி அக்கா என்னைப் பார்த்து, "விழாவுல நீ எதைப் பத்திப் பேசப் போற?" என்று கேட்டாங்க. "பீரியட்ஸுக்கு முன்னாடி வர்ற கோபம், அழுகை, அதுக்கு நாம தேடுற மூலிகை மருந்து, இதைப் பத்திப் பேசுறேன்க்கா" என்றேன். அக்கா கொஞ்சம் யோசிச்சாங்க. "கடனைப் பத்திப் பேசினா எல்லாரும் உட்கார்ந்து கேட்பாங்க. இதுக்கு உட்காருவாங்களா?" என்றாங்க. "இதுவும் ஒரு கடன் கதைதான்க்கா" என்று சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினோரு வருஷம் மெஷின் மிதித்தவள். எங்கள் குழுவில் ஏழு வருஷமாகப் பிரதிநிதி. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழுக்கூட்டம். எங்கள் குழுவில் இட்லிக்கடை வைத்திருக்கிற அக்கா ஒருத்தர் இருக்காங்க. வீட்டுக்காரர் தவறிப்போனவர். அன்றைக்கு அவங்க தவணையில் இருநூறு ரூபாய் குறைஞ்சுது. "அடுத்த வாரம் சேர்த்துக் கட்டிடறேன் கண்ணு" என்றாங்க. நான் அத்தனை பேர் முன்னால், "வாங்கும்போது தெரியுது, கட்டும்போது தெரியலையா?" என்று கத்திவிட்டேன். அந்த அக்கா ஒரு வார்த்தை பேசலை. பாஸ்புக்கைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து போயிட்டாங்க. அடுத்த மூணு வாரம் கூட்டத்துக்கே வரலை.

அன்று ராத்திரி வீட்டிலும் விடலை. டிபன் பாக்ஸைக் கழுவலைன்னு என் பொண்ணு மேல அதைத் தூக்கி எறிஞ்சேன். அவளுக்கு அப்போ பதினொரு வயசு. இரண்டு நாள் கழிச்சு எனக்குப் பீரியட்ஸ் வந்தது. வந்த மறுநாளே மனசு தெளிஞ்ச தண்ணி மாதிரி ஆயிடுச்சு. "அப்படிப் பேசினது நானா?" என்று உட்கார்ந்து அழுதேன். இது மாதாமாதம் நடக்கிறது என்று எனக்கு அப்போதான் லேசாக உறைச்சுது.

அந்த நேரத்தில் பூந்தமல்லியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருத்தர் நோட்டீஸ் கொடுத்தார். "மாதவிடாய்க் கோளாறு, எரிச்சல், படபடப்பு அனைத்துக்கும் மூலிகைப் பொடி. பக்கவிளைவு கிடையாது. மூன்று மாதத்தில் முழு குணம்." மூணு மாசத்துக்கு 4,500 ரூபாய். குழுவில் உள்கடன் கேட்டேன். காரணம் என்ற இடத்தில் "மருத்துவச் செலவு" என்று தீர்மான நோட்டில் என் கையாலேயே எழுதினேன்.

முதல் மாசம் நிஜமாவே நல்லா இருந்தது. இரண்டாவது மாசம் பாதி. மூணாவது மாசம் பழைய கதைதான், கூடவே வயித்துப்போக்கு. பொடி மூணு மாசத்தில் தீர்ந்தது, தவணை பத்து மாசம் ஓடியது.

அதுக்கப்புறம்தான் எங்க நாத்தனார் என்னை அரும்பாக்கத்தில் இருக்கிற அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாங்க. சித்தா டாக்டரம்மா ஒருத்தர் பார்த்தாங்க. பொடி டப்பாவைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுல என்ன இருக்குன்னு எங்கயுமே எழுதலையேம்மா" என்றாங்க. எனக்கு அங்கேயே லேகியம் கொடுத்துவிடுவாங்க என்று நினைச்சேன். அவங்க கேட்டது வேற. "குழுவுல கணக்கு எழுதுறேன்னு சொன்னீங்களே, உங்க உடம்புக் கணக்கை எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாங்க. நான் முழிச்சேன். "ரெண்டு மாசம் எழுதிட்டு வாங்க, அப்புறம் மருந்தைப் பத்திப் பேசலாம்" என்று அனுப்பிட்டாங்க.

சகோதரிகளே, நான் இன்றைக்குச் சொல்ல வந்ததன் சாரம் அதுதான். மூலிகை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கணக்குக்கு அப்புறம்தான் கஷாயம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, தூக்கம், கோபம், அழுகை, உடம்பு வலி என்று ஐந்து கட்டம். தூக்கம் கட்டத்தில் எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று எழுதணும். மற்ற மூன்றுக்கும் ஒன்றுமில்லை என்றால் 0, கொஞ்சம் என்றால் 1, நல்லாவே என்றால் 2, தாங்க முடியலை என்றால் 3. பீரியட்ஸ் வந்த தேதிக்குச் சிவப்பு மையில் வட்டம். அன்றைக்கு ஏதாவது சண்டை நடந்திருந்தால் ஓரத்தில் இரண்டு வார்த்தை. ராத்திரி படுக்கும் முன் ஒரு நிமிஷ வேலை.

இரண்டு மாசம் முடிஞ்சதும் நோட்டை விரிச்சுப் பார்த்தேன். சிவப்பு வட்டத்துக்கு முன்னால் ஆறு நாள் வரிசையாக 2, 3, 3, 2. வட்டம் போட்ட மறுநாளிலிருந்து 0, 0. இரண்டு மாசமும் அப்படியே. இதுதான் அடையாளம். பீரியட்ஸுக்கு முன்னால் ஏறி, வந்ததும் இறங்கினால் அது மாதவிடாய்க்கு முந்தைய மனநிலை மாற்றம். மாசம் முழுக்க 2, 3 என்றே ஓடினால் அது வேற ஏதோ. மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம். அதுக்கு எந்தக் கஷாயமும் பதில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனைதான் முதல் படி. நம்மைப் போன்ற பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை.

நோட்டு இன்னொரு உண்மையையும் காட்டியது. எழுத ஆரம்பிச்ச முதல் மாசத்தில் கம்பெனியில் சூப்பர்வைசரோடு எனக்கு ஒரு பெரிய சண்டை. பாத்ரூம் போக நேரம் கொடுக்க மாட்டேன் என்றார், நான் எதிர்த்துப் பேசினேன். "உனக்கு அந்த டைம் போல" என்று லைன் முழுக்கச் சிரிக்கச் சொன்னார். தேதியைப் பார்த்தேன். பீரியட்ஸ் முடிஞ்சு பத்து நாள் ஆகியிருந்தது. கோபம் கட்டத்தில் அதுக்கு முந்தின நாள் 0, அடுத்த நாளும் 0. அது உடம்புக் கோபம் இல்லைங்க, நியாயமான கோபம். நம்ம கோபத்தையெல்லாம் பீரியட்ஸ் கணக்கில் எழுதிவிடுகிறவர்களுக்கு அந்த நோட்டுதான் பதில்.

இது நம்ம கற்பனையும் இல்லை. 1931-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஃபிராங்க் என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார். 1953-இல் இங்கிலாந்தில் கேதரினா டால்டன் என்ற பெண் டாக்டரும் ரேமண்ட் கிரீன் என்பவரும் இதுக்கு இப்போது வழங்குகிற பெயரை வைத்தார்கள். கருமுட்டை வெளிவந்த பிறகு ஹார்மோன் ஏறி இறங்குகிறது. அது எல்லாப் பெண்களுக்கும் நடப்பதுதான். சிலருடைய மூளை அந்த ஏற்ற இறக்கத்துக்கு அதிகமாக அசைந்து கொடுக்கிறது. அவ்வளவுதான். கெட்ட ரத்தமும் இல்லை, திமிரும் இல்லை.

சரி, பொடி முதல் மாசம் மட்டும் ஏன் வேலை செய்தது? 1998-இல் அமெரிக்காவில் 466 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம். மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தால், கால்சியம் சாப்பிட்டவர்களுக்குத் தொல்லை 48 சதவீதம் குறைந்திருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்திருந்தது! மருந்து எடுக்கிறோம், நம்மை நாம் கவனிக்கிறோம் என்ற நம்பிக்கைக்கே அவ்வளவு பலம். நோட்டீஸ் கொடுத்தவர் என்னிடம் விற்றது அந்த நம்பிக்கையைத்தான். அது என்னிடமே இருந்தது, அதுக்கு 4,500 ரூபாய் கொடுத்தேன்.

இனி நீங்கள் காத்துக்கொண்டிருக்கிற மூலிகைக்கு வருகிறேன்.

முதலில் இஞ்சி, சுக்கு. பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து இஞ்சிப் பொடி சாப்பிட்ட பெண்களுக்கு மனத் தொல்லையும் உடம்புத் தொல்லையும் குறைந்ததாக ஈரானில் செய்த சிறிய ஆய்வு ஒன்று சொல்கிறது. நம்ம வீட்டில் சுக்கு மல்லிக் காப்பி இருக்கவே இருக்கு. தட்டின சுக்கு சிறு துண்டு, தனியா இரண்டு ஸ்பூன், இரண்டு டம்ளர் தண்ணி ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, கொஞ்சம் கருப்பட்டி. காப்பித்தூள் போடக் கூடாது. நான் சாயங்கால டீயை நிறுத்திட்டு அந்த ஒரு வாரமும் இதைக் குடிக்கிறேன். டீ இல்லாததால் ராத்திரி தூக்கம் வருகிறது. சுக்கு வேலை செய்யுதா, தூக்கம் வேலை செய்யுதா என்று கேட்டால், நோட்டில் கோபக் கட்டம் 3-லிருந்து 2 ஆகியிருக்கு என்றுதான் சொல்வேன். வயித்துப்புண் இருக்கிறவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க இதயத்துக்கு மாத்திரை எடுக்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தினசரி குடிக்க வேண்டாம்.

அடுத்தது குங்குமப்பூ. 2008-இல் ஈரானில் தினமும் 30 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு. இரண்டு மாசத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிராம் வேண்டும். விலையும் தெரியும், கடையில் சாயம் போட்ட நார் கிடைப்பதும் தெரியும். நான் வாங்கலை. அந்தக் காசுக்கு வீட்டில் கேழ்வரகும் எள்ளும் முருங்கைக்கீரையும் வருது.

கேழ்வரகு என்று சும்மா சொல்லலை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. வயசுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் செய்துகொடுத்த நம்ம பாட்டிமார் ஆய்வுக் கட்டுரை படிக்கலை. ஆனால் ஒன்று. அவங்க அதைச் சாப்பாடாகக் கொடுத்தாங்க, தினமும் கொடுத்தாங்க. நாம பிள்ளைக்குக் கொடுத்துட்டு, கடைசியில் சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுகிறோம். காலையில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ் உங்களுக்கும் சேர்த்துக் காய்ச்சுங்க. கால்சியம் மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு எடுங்க, முக்கியமா சிறுநீரகக் கல் வந்தவர்கள்.

இப்போ ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவில் இந்தத் தொல்லைக்கு மிகவும் பேர் போன மூலிகை, செயிஸ்ட்பெர்ரி என்ற ஒரு செடியின் பழம். 2001-இல் ஜெர்மனியில் 170 பெண்களிடம் சோதித்தார்கள். அதை எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் நல்ல பலன், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் நாலில் ஒருத்தருக்கு. இந்தச் செடி நம்ம நொச்சிக்குச் சொந்தக்காரி. இரண்டுக்கும் குடும்பப் பெயர் வைடெக்ஸ். அதனால் "நொச்சி விதையைச் சாப்பிட்டால் சரியாகும்" என்று கிளம்பிவிட்டார்கள். அக்காவும் தங்கச்சியும் ஒரே ஆள் ஆகிவிட முடியுமா? நொச்சி இலை ஆவி பிடிக்க நல்லது, கொசுவுக்காக மாநகராட்சியே கன்று கொடுத்தது. அந்த ஆய்வு நொச்சியில் நடக்கவில்லை.

அசோகப்பட்டையும் அப்படித்தான். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் பெண்களுக்கான மருந்தில் அது உண்டு, பெரும்பாலும் அதிக உதிரப்போக்குக்கு. ஆனால் நம்ம ஸ்கூல் வாசலிலும் ஆபீஸ் காம்பவுண்டிலும் நெட்டையாக நிற்கிற, நாம் அசோகா மரம் என்று சொல்கிற மரம் அசோகம் இல்லை. அது நெட்டிலிங்கம். அசல் அசோகம் கொத்துக் கொத்தாகச் சிவப்பும் ஆரஞ்சுமாகப் பூக்கும். எங்க தெருவில் ஒருத்தங்க நெட்டிலிங்கப் பட்டையை உரிச்சுக் கஷாயம் வெச்சுட்டு இருந்தாங்க. பேரை நம்பி மரத்தை உரிக்காதீங்க.

சோற்றுக்கற்றாழையைக் கழுவாமல் சாப்பிட்டால் அந்த மஞ்சள் பால் வயித்தைக் கலக்கும். கர்ப்பம் தங்கியிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். நம்ம பொண்ணுங்க ஆன்லைனில் வாங்குகிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற வெளிநாட்டு மூலிகை, கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். "மூலிகைதானே" என்று நினைத்தவர்களுக்குக் குழந்தையே தங்கிவிடலாம். பலன் உள்ள பொருளுக்குப் பக்கவிளைவும் இருக்கும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் டப்பாவைப் படியுங்க. சித்த, ஆயுர்வேத மருந்து எதுவாக இருந்தாலும் உரிம எண், தயாரித்த தேதி, உள்ளே இருக்கிற பொருட்களின் பட்டியல் இருக்க வேண்டும். இல்லையென்றால் கீழே வைங்க. இன்னொன்று கேளுங்க. 1954-ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம், பெண்களின் மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. என் கைக்கு வந்த அந்த நோட்டீஸே சட்டப்படி தப்பு. தண்டல்காரன் வட்டியைக் கணக்குப் போட்டுக் கேள்வி கேட்கக் கத்துக்கிட்ட நாம, இதையும் கேட்கணும்.

சிலருக்கு இது சுக்குக் காப்பியில் அடங்குகிற விஷயம் இல்லை. மாதாமாதம் "செத்துப்போயிடலாமா" என்று தோணுதா? பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயமா இருக்கா? அப்போ நோட்டு எழுதி இரண்டு மாசம் காத்திருக்க வேண்டாம், உடனே பேசுங்க. 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் டெலி மானஸ் உதவி மையத்தில் இலவசமாக, தமிழிலேயே பேசுவாங்க. அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கு. கடுமையான இந்த நிலையை மனநல மருத்துவர்களின் அமெரிக்கக் கையேடு 2013-இல் தனி நோயாகவே சேர்த்தது. அதுக்கு நல்ல மாத்திரை உண்டு. சிலருக்கு அந்த இரண்டு வாரம் மட்டும் எடுத்தாலே போதும். மாத்திரை எடுப்பவர்கள் மூலிகைக்காக அதை நிறுத்தக் கூடாது. இரண்டும் எடுத்தால் இரண்டு டாக்டரிடமும் சொல்லிவிடணும்.

இட்லிக்கடை அக்கா கதைக்கு வருகிறேன். நோட்டை எடுத்துக்கொண்டு அவங்க வீட்டுக்கே போனேன். "அக்கா, நான் பேசினது தப்பு. உடம்பு காரணம்தான், ஆனா வார்த்தை என்னோடது. மன்னிச்சுடுங்க" என்றேன். அவங்க நோட்டை வாங்கிப் பார்த்தாங்க. படிக்கத் தெரியாது, எண்ணும் சிவப்பு வட்டமும் தெரியும். விரலை வைத்து எண்ணினாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க: "எனக்கும் இப்படித்தான் கண்ணு இருந்துச்சு. மாமியார் வீட்ல பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிச்சாங்க. மூணு கோயிலுக்கு இழுத்துட்டுப் போனாங்க. நின்னப்புறந்தான் அடங்குச்சு. பேய் இல்லைன்னு இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரியுது."

அவங்க அடுத்த ஞாயிறே கூட்டத்துக்கு வந்தாங்க. இருநூறு ரூபாயைச் சேர்த்துக் கட்டினாங்க.

எங்கள் குழுவில் இப்போ இரண்டு வழக்கம் வெச்சிருக்கோம். மருந்துக்கு உள்கடன் கேட்டால், டப்பாவையோ டாக்டர் சீட்டையோ கூட்டத்தில் காட்டணும். யாரையும் தடுக்க இல்லை, எல்லாரும் சேர்ந்து படிச்சுப் பார்க்கத்தான். இன்னொன்று, வேண்டும் என்று கேட்கிற உறுப்பினருக்கு ஒரு நோட்டு. எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம், கோடு போட்டாலும் போதும். யாரும் அடுத்தவர் நோட்டைக் கேட்கக் கூடாது. இரண்டையும் கூட்டமைப்பில் எல்லாக் குழுக்களும் எடுத்துக்கொண்டால் நல்லது என்று தலைவி அக்காவிடம் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு முழுசாச் சரியாயிடுச்சா என்று கேட்பீங்க. இல்லைங்க. கேழ்வரகு, சுக்கு, தூக்கம், காலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அரை மணி நடை, டாக்டரம்மா சொன்ன மருந்து, எல்லாம் சேர்ந்து 3 என்பது 1, 2 ஆகியிருக்கு. முக்கியமா, அந்த ஆறு நாள் எப்போ வரும் என்று எனக்குத் தெரியும். வீட்டிலும் சொல்லி வெச்சிருக்கேன். போன மாசம் அடுப்படியில் குரலை உயர்த்தினேன். என் பொண்ணு நோட்டைத் திறந்து பார்த்துட்டு, "அம்மா, இன்னும் பதினாறு நாள் இருக்கு. இது நெஜக் கோபம். என்னன்னு சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸ் அடி வாங்கின அதே பொண்ணுதான். இப்போ அவளும் ஒரு நோட்டு எழுதுறா.